ஏன் வரவில்லை?

"பன்னிரண்டாம் தேதி விசாரணைக்கு ஏன் வரலைன்னு அதிகாரி கேக்கிறாருங்க."

கேட்டுவிட்டு அவள் காத்திருந்தாள். தொலைபேசியில் மொழிபெயர்த்துச் சொல்வது அவள் வேலை. அவள் தன் வீட்டில் துணி அலமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவே இருந்த மேசையில் உட்கார்ந்திருந்தாள். அதிகாரி குடியேற்றத் துறை அலுவலகத்தில் இருந்தார். அகதி என்று ஏற்கச் சொல்லி விண்ணப்பித்த மனிதர் எங்கேயோ ஒரு தொலைபேசி முன்னால் இருந்தார். அதிகாரி வழக்கப்படி தன் பெயரையும் பதவியையும் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார். மற்றபடி மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

"வர முடியலைங்க" என்றார் அந்த மனிதர்.

அவ்வளவுதான் பதில். வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும்? அவளுக்கே எரிச்சலாக இருந்தது. ஆனால் ஒரு சொல் கூட்டவோ குறைக்கவோ அவளுக்கு அனுமதி இல்லை. கேட்டதை அப்படியே அதிகாரியிடம் சொன்னாள்.

அதிகாரி பொரிந்து தள்ளினார். கொடுத்த முகவரிக்கு மூன்று கடிதம் போட்டோம், மூன்றும் ஆள் இல்லை என்று திரும்பி வந்தன. உயிருக்கு ஆபத்து என்கிறவர் விசாரணைக்கு வராமல் இருப்பாரா? இரண்டாவது வாய்ப்பு கேட்டு மனுப் போட்டதால்தான், அதில் இருந்த எண்ணில் இன்று பேசுகிறேன். தகுந்த காரணம் இல்லையென்றால் இன்றே கோப்பை மூடுவேன், அப்புறம் சொந்த நாட்டுக்கு விமானம்தான் என்றார்.

சொந்த நாட்டில் அவரை எதிர்பார்த்திருப்பது யார் என்று கோப்பிலேயே இருந்தது. அவருடைய அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனவர்கள். அண்ணன் திரும்பி வரவில்லை.

அவள் எல்லாவற்றையும் தமிழில் சொல்லி முடித்தாள். அந்த மனிதர் திருப்பிக் கேட்டார்.

"நான் ஏன் வரலைன்னு ஐயாவுக்குத் தெரியாதா?"

அதிகாரிக்கு இது திமிராகப் பட்டது. தெரிந்தால் நான் ஏன் கேட்கப்போகிறேன் என்று குரலை உயர்த்தினார்.

"அவங்க வெளியில விடலை" என்றார் அவர், மிகவும் தணிந்த குரலில்.

அவளுக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளும் இப்படி வந்தவள்தான். முதல் எட்டு மாதம் ஓர் உணவகத்தின் பின்னறையில் கிடந்தாள். முதலாளி அவள் காகிதங்களை வாங்கி வைத்துக்கொண்டு வெளியே பூட்டிவிட்டுப் போவான். அந்தப் பாவியை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு வயிறு எரியும்.

யார் விடவில்லை என்று அதிகாரி கேட்டார். "அவங்கதாங்க" என்று மட்டும் சொன்னார். பக்கத்தில் யாராவது நிற்கிறார்களா என்று கேட்டார். ஆமாம், கதவருகே ஒருவர் நிற்கிறார் என்று பதில் வந்தது.

அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. கைப்பேசியைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு வெளியே பூட்டினால் காலையில்தான் திறப்பார்கள். ஒரே அறையில் எட்டுப் பேர். பகலில் துணி துவைக்கும் வேலை, கூலி ஒரு சோப்புக்கட்டி. காய்ச்சல் என்றால் தண்ணீர் குடி என்பார்கள். பதினொரு மாதமாக இதுதான் பிழைப்பு.

ஒரு சொல் விடாமல் அவள் மொழிபெயர்த்தாள். அதிகாரியும் மனிதர்தானே, அவரும் கொதித்துப்போனார். இது காட்டுமிராண்டித்தனம், இந்த நாட்டில் குற்றம் செய்யாத ஒரு மனிதனைப் பூட்டி வைக்க எவனுக்கும் உரிமை கிடையாது என்றார். அவர்கள் யாராக இருந்தாலும் விடமாட்டேன், முகவரியை மட்டும் சொல்லச் சொல், இன்றைக்கே ஆள் அனுப்பிக் கதவை உடைக்கிறேன் என்றார்.

இதைக் கேட்டதும் அந்த மனிதர் ஒரேயடியாகப் பின்வாங்கினார். வேண்டாம் ஐயா, பெரிய இடத்தைப் பகைத்துக்கொண்டு எங்கே போவேன் என்றார். சொன்னால் இதைவிட மோசமான இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்றார்.

அப்போதுதான் அவள் விதியை மீறினாள். வேலை போனால் போகட்டும் என்று தோன்றிவிட்டது.

"அண்ணே, நானும் ஒரு காலத்துல இப்படி மாட்டிக்கிட்டு முழிச்சவதான். பயந்து பயந்து எட்டு மாசம் போச்சு. இப்ப விட்டா உங்களை ஏத்தி அனுப்பிடுவாங்க. சொல்லிடுங்கண்ணே."

என்ன பேசுகிறாய் என்று அதிகாரி அதட்டினார். கேள்வியை விளக்கினேன் என்று கூசாமல் பொய் சொன்னாள்.

அந்த மனிதர் அவளிடமே கேட்டார்.

"நிஜமாவே கதவைத் திறந்துடுவாராம்மா?"

திறப்பேன், என் பொறுப்பு என்றார் அதிகாரி. எழுதுவதற்குத் தயாராக இருக்கிறேன், அடைத்து வைத்தவன் பெயரையும் சேர்த்துச் சொல்லச் சொல் என்றார்.

"சரி, எழுதிக்கச் சொல்லுங்கம்மா" என்றார் அவர் நிதானமாக. "குடியேற்றத் துறை, தடுப்புக் காவல் முகாம், மூணாவது மாடி, பதினேழாம் நம்பர் ரூம். என்னைப் பிடிச்சு உள்ள போடச் சொல்லி வந்த ஆர்டர்ல, இப்ப பேசிக்கிட்டிருக்கிற ஐயாவோட பேரும் கையெழுத்தும்தாங்க இருக்கு."