கண்ணாடியில் ஓர் எதுகை

காது கேளாத பிள்ளைகளுக்குக் கவிதை எதற்கு என்று கேட்டவர்களிடம் மரியபுஷ்பம் டீச்சர் வாதாடவில்லை. வகுப்பில் ஒரு கண்ணாடியை மாட்டினாள். "ரெண்டாவது எழுத்து ஒண்ணா வந்தா எதுகை. என் உதட்டைப் பாருங்க" என்று தம்பி, தும்பி எனச் சொல்லிக் காட்டினாள். மறுநாள் தெய்வானை இரண்டு அடி எழுதி வந்தாள். 'அம்மா எங்கே போய்விட்டாள்? அப்பா வாயே திறப்பதில்லை.' டீச்சர் 'ம்'மையும் 'ப்'பையும் சிவப்பில் சுழித்து, எதுகை இல்லை என்று தலையாட்டினாள். தெய்வானை விடவில்லை. டீச்சரைக் கண்ணாடி முன் இழுத்துப்போய் நிறுத்தி, சொல்லச் சொல்லிச் சைகை காட்டினாள். டீச்சர் சத்தமில்லாமல் அம்மா என்றாள், பிறகு அப்பா என்றாள். இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறந்தது. இத்தனை வயதுக்கு அதை இப்போதுதான் பார்க்கிறாள். தெய்வானை நோட்டை வாங்கி, அந்தச் சிவப்புச் சுழிகளுக்குக் கீழே எழுதினாள்: 'அப்பாவைக் கூப்பிட்டா அம்மாவையும் கூப்பிட்ட மாதிரிதானே? அப்புறம் ஏன் டீச்சர் அம்மா வரல?' பதில் சொல்ல வாயெடுத்த டீச்சரின் உதடு பாதியில் மூடிக்கொண்டது. அது திறக்கட்டும் என்று தெய்வானை கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.