நடுவில் விழுந்த புள்ளி

"கண்ணுக்குள்ள ஃபோட்டோ எடுத்தா, நான் பார்த்ததெல்லாம் அதுல இருக்குமா டாக்டர்?"

ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி ஒருமுறை அவரிடம் கேட்டாள்.

"நீ பார்த்தது இருக்காது. உங்கம்மா பார்க்காம விட்டதெல்லாம் இருக்கும்" என்றார் அவர்.

அந்தத் தாய் தலையைக் குனிந்துகொண்டாள்.

விழித்திரை மருத்துவத்தில் அவருக்கு இது இருபதாவது வருடம். கண்பாவை வழியாக ஒருமுறை உள்ளே பார்த்தால் போதும். கவனிக்காத சர்க்கரை, பாதியில் நிறுத்திய மாத்திரை, வரவேண்டிய நாளில் வராத சோம்பல், எல்லாம் தெரிந்துவிடும். ஆட்கள் வாயால் சொல்வதைக் கேட்பதை அவர் எப்போதோ விட்டுவிட்டார்.

வாய் சாக்குச் சொல்லும். விழித்திரை சொல்லாது.

இப்போது அவர் எதிரில் உட்கார்ந்திருப்பவர் ஒச்சம்மாள். போடியில் ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிப்பவர். அறுபது வயது. கண்ணாடி சோடாபாட்டில் அடிப்பாகம் போல இருந்தது.

வலது கண்ணில் நான்கு நாளாக மின்னல் வெட்டுகிறதாம். விழித்திரையின் ஓரத்தில் கிழிசல். சுற்றிலும் லேசரால் சூடு வைத்தால் அப்படியே நிற்கும். விட்டால் இன்றோ நாளையோ திரையே கழன்றுவிடும்.

பார்க்கிற கண் அது ஒன்றுதான்.

"லேசர் வேண்டாம் சார்" என்றார் ஒச்சம்மாள்.

"அப்ப கண்ணு போகட்டும். ஏலக்காயைத் தடவிப் பார்த்துப் பிரிச்சுக்குங்க."

ஒச்சம்மாள் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டார்.

டாக்டர் இடது கண்ணையும் பார்த்தார். அங்கேயும் பழைய கிழிசல் ஒன்று. சுற்றிலும் பழைய லேசர்த் தழும்புகள். அதோடு, பார்வையின் நடு மையத்தில், தன்னந்தனியாக ஒரு கறுப்புப் புள்ளி.

அவருக்குச் சிரிப்பு வந்தது.

"நிலோஃபர், இங்க வந்து பாருங்க" என்று பயிற்சி மருத்துவரை அழைத்தார். "லென்ஸ்ல எல்லாம் தலைகீழாத் தெரியும். இந்த லேசரப் போட்ட தடியனுக்கு மேல எது கீழ எதுன்னு மறந்துபோச்சு. ஓரத்துக்குப் போறதா நெனச்சு நட்டநடுவுல சுட்டிருக்கான். இவனெல்லாம் வெல்டிங் பட்டறைக்குக்கூட லாயக்கில்ல."

நிலோஃபர் பார்த்துவிட்டு அடக்கமாகச் சிரித்தாள்.

"அந்தத் தம்பிய வையாதீங்க சார்" என்றார் ஒச்சம்மாள். "அவரு மேல தப்பில்ல. நாந்தான் தலைய ஆட்டிப்புட்டேன்."

பத்தொன்பது வருடம் முன்பு. கம்பத்தில் கண் முகாம் நடத்தி, வேனில் ஏற்றி மதுரைக்குக் கூட்டிப்போனார்களாம்.

"ஏம்மா ஆட்டுனீங்கன்னு கேட்டாரு. பெறகு அவரே கீழ போயி டீயும் தேங்கா பன்னும் வாங்கியாந்து குடுத்தாரு. எந்த டாக்டரு குடுப்பாரு? வருசா வருசம் சித்திரையில வீரபாண்டி மாரியாத்தாவுக்கு வெள்ளிக் கண்மலர் வாங்கிப் போட்டு, ஆட்டிப்புட்டேன் தாயி, மன்னிச்சிருன்னு சொல்லிட்டுத்தான் வாரேன். எந்தலை எம்பேச்சக் கேக்காது சார். இந்தக் கண்ணுலயும் ஆட்டிட்டேன்னா?"

டாக்டர் கருவியிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.

தேங்காய் பன்.

அவர் பயிற்சியில் சேர்ந்த மூன்றாவது மாதம். படியிறங்கி ஓடியது பன் வாங்குவதற்காக அல்ல. அந்த அறையில் நிற்க முடியவில்லை. வெறுங்கையோடு திரும்பவும் முடியவில்லை.

ஆட்டினீர்கள் என்று சொன்னதை அவர் அந்த வாரமே மறந்துபோனார். இந்த அம்மா மறக்கவில்லை. வெள்ளியில் கண் செய்து வாங்கி, கூட்டத்தில் வரிசையில் நின்று, பத்தொன்பது முறை மன்னிப்புக் கேட்டிருக்கிறார்.

செய்யாத தப்புக்கு.

புள்ளியை மறுபடி பார்த்தார். கடுகில் பாதிகூட இல்லை. வெல்டிங் பட்டறைக்குக்கூட லாயக்கில்லாத கை.

"நிலோஃபர், நீங்க போய் வெளிய இருக்கறவங்களப் பாருங்க."

"லேசருக்கு நான் கூட இருக்கட்டுமா சார்?"

"வேண்டாம்."

அவள் போன பிறகு எழுந்து கதவைச் சாத்தினார். விளக்கைப் போடவில்லை. திரும்பி வந்து ஒச்சம்மாளின் எதிரே உட்கார்ந்தார்.

"அம்மா, அன்னிக்கு நீங்க தலைய ஆட்டல."

"இல்ல சார், அந்தத் தம்பிதான…"

"அந்தத் தம்பி பொய் சொன்னான். நீங்க சிலை மாதிரி உக்காந்திருந்தீங்க. எடம் தெரியாம சுட்டது நான்."



ஒச்சம்மாள் தலையைச் சற்றே திருப்பி, பார்க்கிற கண்ணால் அவரைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

வசவுக்காக அவர் காத்திருந்தார். அது வந்தால் நல்லது என்றுகூட இருந்தது.

"அப்ப நான் ஆட்டல" என்றார் ஒச்சம்மாள்.

"ஆட்டல."

முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். டாக்டர் சொல்லாமலே முன்னால் நகர்ந்து, கருவியின் தாங்கியில் முகவாயை வைத்தார்.

டாக்டர் மேலெது கீழெது என்று மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். இருபது வருடத்தில் இப்படிச் சொல்லிப் பார்த்ததில்லை.

கிழிசலைச் சுற்றி மூன்று வரிசை. ஒவ்வொரு புள்ளியாக விழுந்தது.

கடைசிப் புள்ளிவரை ஒச்சம்மாளின் தலை அசையவில்லை.

முடிந்ததும் கண்ணாடியைத் தடவி எடுத்து மாட்டிக்கொண்டு எழுந்தார். வாசலருகே நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வெளிய நிக்கிற டாக்டர் பொண்ணுகிட்ட இதச் சொல்லிராதீங்க சார். பாவம், உங்களப் பெருசா நெனச்சுக்கிட்டு இருக்கு."

அவரால் தலையைக்கூட அசைக்க முடியவில்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார், அந்த அம்மா வராந்தாவைக் கடக்கும்வரை.