சுற்று வழி

"தெரு திறந்துதானே கிடக்கு? உங்க மேப்ல மட்டும் யாரும்மா பூட்டு போட்டது?"

கேட்டவர் துப்புரவுத் தொழிலாளர் சங்கத் தலைவர். ஒலிபெருக்கி இல்லாமலே நாலு தெருவுக்குக் கேட்கும் குரல் என்பதால் 'மைக்' என்று பெயர். முன்னால் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. பின்னால் யாரும் வேறு மாதிரிக் கூப்பிடுவதில்லை.

நகராட்சியின் வரைபடப் பிரிவில் இருந்தது அந்த ஒரு பெண்தான். ஊரின் தெருக்கள், குப்பைத்தொட்டிகள், லாரிகள் எல்லாம் அவள் கணினிக்குள் இருந்தன. எந்தத் தொட்டி நிரம்பி வழிகிறது, புதுத் தொட்டியை எங்கே வைக்கலாம், எந்த லாரி எந்த வழியாகப் போனால் வேலை சீக்கிரம் முடியும் என்று கேட்டால் அது கோடு போட்டுக் காட்டிவிடும். கேட்காததைச் சொல்லாது. அந்தக் கோட்டை விட்டு விலகும் ஓட்டுநருக்கு மேலிடத்திலிருந்து ஓலை வரும்.

தகராறு அந்தக் கோட்டில்தான். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் தெரு, 'லாரிக்குத் தடை' என்று சிவப்பாகக் கிடந்தது. அங்கே சேரும் குப்பையைத் தள்ளுவண்டியில் முனைக்குக் கொண்டுவந்தார்கள். லாரி அதை ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றிக்கொண்டு போனது. மற்ற ஓட்டுநர்கள் வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவும் நேரத்தில், அந்த லாரிக்காரன் மட்டும் இன்னும் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். வாயில்லாப்பூச்சி. வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஒரு நாளும் முறையிட்டதில்லை. விஷயத்தை மைக்கின் காதில் போட்டவர்கள் மற்ற ஓட்டுநர்கள்தான்.

மைக் நேரில் போய்ப் பார்த்துவிட்டே வந்திருந்தார். தெருவில் பள்ளம் இல்லை, யாரும் தோண்டிப் போடவும் இல்லை. இரண்டு பக்கமும் மதில் வைத்த பெரிய வீடுகள். அதைப் பார்த்ததுமே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"மாடி வீட்டுக்காரங்க வாசல்ல குப்பை லாரி வந்தா நாறும். அவங்க கண் காட்டினாங்க, நீங்க கோடு போட்டீங்க. அப்படித்தானே?"

அவர்கள் யாரையும் தனக்குத் தெரியாது என்றாள் அவள்.

"அப்ப யாரு போடச் சொன்னது?"

"நானாத்தான் போட்டேன் சார். அதை அப்படியே விட்டுடுங்க, உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கிறேன்."

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்கிற ஆளை மைக் தன் போராட்ட வாழ்க்கையில் பார்த்ததில்லை. அதனால் கோபம் இன்னும் ஏறியது.

"அந்தத் தெருவைப் பத்தி எனக்கே சொல்றீங்களா? அங்க வேகத்தடை போட வெச்சதே நான்தாம்மா. பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு சின்னப் பொண்ணு தண்ணி லாரியில அடிபட்டுப் போச்சு. நடுரோட்டுல உட்கார்ந்தேன். அதிகாரிங்க வந்து கையைக் கட்டிக்கிட்டு நின்னாங்க. மறுநாளே தார் இறங்குச்சு."

அவள் அவரையே பார்த்தாள்.

"அது யாரு வீட்டுப் பொண்ணு சார்?"

"யாரு வீட்டுப் பொண்ணா இருந்தா என்ன? மக்களோட பொண்ணு."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, அந்த லாரி ஓட்டுநரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரச் சொன்னாள்.

"அவனுக்காகப் பேசத்தானேம்மா நான் இருக்கேன். அவனை எதுக்குக் கேக்கணும்?"

சொல்லிவிட்டு நேராக ஆணையர் அறைக்குள் போனார். அந்தக் குரல் சுவரைத் தாண்டி வராண்டா முழுக்க முழங்கியது. ஆணையருக்குத் தலைவலி வந்தது, உத்தரவும் வந்தது. சிவப்பை அவள் தன் கையாலேயே அழிக்க வேண்டியதாயிற்று. கணினியிடம் மறுபடி வழி கேட்டார்கள். கோடு பள்ளிக்கூடத் தெரு வழியாக நேராக ஓடியது.

மறுநாள் காலை மைக் அந்த லாரியில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். ஜெயித்த வழியில் ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டாமா? இனிமேல் நேரத்தோடு வீட்டுக்குப் போகலாம், பெண்டாட்டியோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். அவன் ரோட்டையே பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தான். நன்றியில் நா எழவில்லை என்று தலைவர் எடுத்துக்கொண்டார்.

லாரி பள்ளிக்கூடத் தெருவுக்குள் திரும்பியது. கொஞ்ச தூரம் ஊர்ந்து நின்றுவிட்டது. எதிரே வெள்ளைப் பட்டை அடித்த வேகத்தடை.

"என்னப்பா, வண்டி ஆஃப் ஆயிடுச்சா?"

"இல்ல தலைவரே."

"அப்புறம் என்ன? ஏத்து. நான் போட வெச்சதுதான், வண்டிக்கு ஒண்ணும் ஆகாது."

பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். அவன் ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் போட்டான்.

"அந்த மேப் அம்மா மேல தப்பில்ல தலைவரே. நான்தான் அவங்ககிட்ட கெஞ்சினேன், இந்தத் தெருவை அடைச்சு வைங்கன்னு. யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னும் கேட்டுக்கிட்டேன். வெளிய தெரிஞ்சா, ஓட்ட லாயக்கில்லாதவன்னு வண்டியை விட்டு இறக்கிடுவாங்க."

மைக்கின் குரல் அவருக்கே கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேப்பா?"

"நீங்க கேக்கலையே தலைவரே."

அவன் வேகத்தடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என் பொண்ணு இங்கதான் கிடந்தா. குறுக்கால, வெள்ளைத் துணி போத்தி, இதே உயரத்துக்கு. இது மேல நான் எப்படி வண்டியை ஏத்துவேன்?"