சட்டைக்குள் கூவும் பெட்டி

தாஷியைப் பனி மூடிவிட்டது. காரணம், அவனுடைய நாய் பூராவின் வயிற்றெரிச்சல்.

பனிமலையில் வழிகாட்டும் தாஷி முன்பெல்லாம் பூராவின் மூக்கைத்தான் நம்பியிருந்தான். சமீபத்தில்தான், ஆள் பனிக்குள் புதைந்தால் கூவி இடம் காட்டும் பெட்டி ஒன்றை வாங்கி நெஞ்சோடு கட்டிக்கொண்டான்.

"குளிர்ல ஓடுறது நானு, சட்டைக்குள்ள சொகுசு உனக்கா?" என்று உறுமியது பூரா.

"கோவிக்காதப்பா. வெயில் காலம் வருது, பனி இளகிச் சரியும். நான் கூவுவேன், நீ தோண்டணும்" என்றது பெட்டி.

"உனக்கு நான் எடுபிடியா?"

மறுநாள் விடியலில் பூரா பெட்டியைக் கவ்விக்கொண்டு போய் வைக்கோலில் ஒளித்தது. பனி இறுகியிருக்கும்போதே சரிவைத் தாண்டுவது தாஷியின் வழக்கம். அன்று பெட்டியைத் தேடியதிலேயே வெயில் ஏறிவிட்டது. பெட்டி இல்லாமலே பூராவோடு கிளம்பினான். பாதிச் சரிவில் பனி மொத்தமாக இறங்கியது.

பூரா மோப்பம் பிடித்தது. எங்கும் ஈரப் பனியின் வாடைதான். 'அந்தச் சனியன் ஒரு தடவை கூவினால் போதுமே' என்று தவித்து, நகம் பிய்யப் பிய்யத் தோண்டியது. கடைசியில் தாஷியின் முகம் தெரிந்தது.

"என் பெட்டி மட்டும் இருந்திருந்தா..." என்று முனகினான் தாஷி.

பூராவுக்கு மறுபடி வயிறு எரிந்தது. எரிந்துகொண்டே அவன் காலரைக் கவ்வி வெளியே இழுத்துப் போட்டது பூராதான்.