காலடியில் ஹீட்டர்

குன்னூர்ப் பள்ளிக்கூட ஹாலில் நண்பகலிலும் ஜன்னலை மூடுபனி அடைத்திருக்கிறது. தேசிய இசைத் தேர்வுத் திட்டத்தின் தலைவி அருந்ததி மதிப்பெண் தாளோடு உட்கார்ந்திருக்கிறாள். காலடியில் ஹீட்டர் செக்கச்செவேலென்று எரிகிறது. எதிரே வயலினோடு, அரவேணு கிராமத்திலிருந்து வந்த நிரோஷா. இன்று தேறினால்தான் அவளுக்கு இசைக் கல்லூரியில் இடம். குளிரிலிருந்து வந்த வயலினில் வெக்கை பட்டதும் தந்திகள் தளர்கின்றன, சுருதி இறங்குகிறது. நிரோஷாவின் வில் பாதியில் நிற்கிறது. "ஏனுங்க மேடம், சுருதி எறங்கிருச்சுங்க. ஹீட்டரைக் கொஞ்சம் அணைச்சீங்கன்னா, சேர்த்துட்டு மறுக்கா வாசிச்சுடறேனுங்க." "எனக்குக் குளிருதும்மா. ஆரம்பிச்சப்புறம் சுருதி சேர்க்கக் கூடாது. நான் எழுதின விதி அது. வாசி." நிரோஷா வாசிக்கிறாள். ஒவ்வொரு ஸ்வரமும் பிசகுகிறது; ஒவ்வொன்றுக்கும் அவள் முகம் சுளிக்கிறாள். அருந்ததி அதை ரசித்துப் பார்க்கிறாள். "காது பிரமாதம்டி உனக்கு" என்றபடி, சுருதிக்கு நேரே நிதானமாகப் பூஜ்யம் போடுகிறாள்.