உதைக்கும் சின்ன ரிவால்வர்
அமெரிக்காவின் டல்சா நகரத் துப்பாக்கிக் கடையில், டியூப்லைட்டின் வெள்ளை வெளிச்சத்தில், கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் மார்லா நிற்கிறாள். கடையின் பின்பக்கச் சுடுதளத்தில் சின்ன ரிவால்வரைச் சுட்டுப் பார்த்ததில் அது பின்னுக்கு உதைத்து, அவள் கட்டைவிரலடியில் தோல் கிழிந்திருக்கிறது. "சின்னது கைப்பைக்குள்ள அடங்கும், ஆனா உதைக்கும்மா. இதைப் பிடிச்சுப் பாருங்க," என்று கடைக்காரர் வெர்னன், ரப்பர் பிடி போட்ட கனமான இன்னொரு ரிவால்வரை நீட்டுகிறார். பிடி உள்ளங்கையில் இதமாக உட்காருகிறது. "இதை எங்க ஒளிச்சு வைக்கிறது? விவாகரத்து ஆன பிறகும் வேலைக்குப் போற வழியெல்லாம் பின்னாலயே வர்றான்," என்கிறாள். கதவு மணி ஒலிக்கிறது. அவளுடைய முன்னாள் கணவன் டுவெயின் உள்ளே வந்து, அவள் தோளை உரசிக்கொண்டு நிற்கிறான். அவன் மூச்சில் புதினா மிட்டாய் வாசம். "அவ எடுக்கிறதைவிடப் பெருசா ஒண்ணு காட்டுங்க," என்று சிரிக்கிறான். "உனக்கு விக்கிறதுக்கு இங்க ஒண்ணுமில்லப்பா," என்று சொல்லி வெர்னன் கண்ணாடிப் பெட்டியைப் பூட்டுகிறார். சாவிக்கொத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டு போய், டுவெயின் வெளியேறக் கதவைத் திறந்து பிடிக்கிறார்.