அரைக்கட்டை அம்மா

"அந்தத் தையல்காரம்மா ஒரே ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தாப் போதும் பாஸ்டர். ஆராதனை ஜம்முனு நடந்துடும்!"

கீபோர்டு மாஸ்டர் பொருமித் தீர்த்தார். வருகிற ஞாயிறு சபையின் வெள்ளிவிழா ஆராதனை. எல்லோருக்கும் தெரிந்த பழைய துதிப்பாட்டுதான். அதை மூன்று குரலாகப் பிரித்து, மூன்று மாதமாகக் கோரஸ் பிள்ளைகளைக் கசக்கிப் பிழிந்து தயார் செய்து வைத்திருந்தார். பிஷப் வேறு வருகிறார். சொதப்பினால் மானம் கப்பலேறிவிடும்.

"ஆண்டவரைப் பாடறதுக்கு எல்லாருக்கும் உரிமை இருக்கே மாஸ்டர்?"

"பாடட்டும், நான் வேணாங்கலையே! கீபோர்டு ஒரு பக்கம் போனா, அவங்க சுருதியில அரைக் கட்டை இறங்கி இன்னொரு பக்கம் போறாங்க. அதுவும் தெருக்கோடி வரைக்கும் கேக்குற மாதிரி! பிள்ளைங்க அவங்களுக்கு 'அரைக்கட்டை அம்மா'ன்னே பேரு வெச்சிடுச்சுங்க."

பாஸ்டர் சிரிப்பை மென்று விழுங்கினார். "இதை அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"பின்னாலேருந்து எத்தனையோ தடவை சொல்லியாச்சு. 'அம்மா, கொஞ்சம் அடக்கிப் பாடுங்க'ன்னு. திரும்பிக்கூடப் பாக்கறதில்ல!"

"பின்னாலேருந்து சொன்னா எப்படி? எதிர்ல நின்னு, முகத்தைப் பாத்துச் சொல்லுங்க. இந்த விஷயத்துல நான் வாயைத் திறக்க மாட்டேன், சாமி."

அன்று மாலையே தையல் கடைக்குப் போனார் மாஸ்டர்.

வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார் தையல்காரம்மா. பக்கத்து ஸ்டூலில் வேதப்புத்தகம், அளவு நாடாவே அதில் அடையாளம். மடியில் கோரஸ் பிள்ளைகளின் வெள்ளை அங்கி. இருபத்திரண்டு அங்கியையும் காணிக்கையாகத் தைத்துத் தருகிறேன் என்று அவரே கேட்டு வாங்கிய வேலை. மிதிக்கிற காலுக்குத் தாளம் தப்பாமல் வாய் அதே துதிப்பாட்டைப் பாடியது. அரைக் கட்டை கீழேதான்.

அங்கியைப் பார்த்ததும் மாஸ்டரின் மனசு கொஞ்சம் இளகியது. தன்மையாகவே ஆரம்பித்தார்.

"அம்மா..."

பதில் இல்லை.

"அம்மா, உங்களைத்தான்!"

மெஷின் ஓடியது. மூன்றாவது தடவை தொண்டை கிழியக் கூப்பிட்டார். எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். இந்த அம்மா திரும்பவில்லை.

'அடேயப்பா, என்ன அலட்சியம்!' மாஸ்டர் விடுவிடுவென்று திரும்பி நடந்தார். 'இருக்கட்டும், ஞாயித்துக்கிழமை பாத்துக்கறேன்.'

ஞாயிறு காலை. ஆலயத்தில் ஊசி விழ இடமில்லை. தையல்காரம்மா வழக்கம்போல முதல் பெஞ்சில், பெரிய ஸ்பீக்கர் பெட்டியை ஒட்டி உட்கார்ந்திருந்தார். அந்த இடத்தை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

மைக்செட்காரரின் காதில் மாஸ்டர் கிசுகிசுத்தார். "அந்தம்மா பக்கத்துப் பெட்டியை முழுசா ஏத்தி வைங்க. அவங்க குரல் வெளியில வரவே கூடாது."

பாட்டு தொடங்கியது. பெட்டி இடியாய் முழங்கியது. பக்கத்தில் இருந்தவர்கள் காதைப் பொத்தினார்கள். தையல்காரம்மாவோ பெட்டியின் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்தார். முகம் அப்படியே மலர்ந்தது. இன்னும் ஓங்கிப் பாடினார்!

'நக்கலைப் பாரு!' மாஸ்டர் பல்லைக் கடித்தார்.

மூன்றாம் சரணம் தொடங்கியதுதான் தாமதம், பட்டென்று கரண்ட் போய்விட்டது.

கீபோர்டு செத்தது. மைக் செத்தது. ஜெனரேட்டர் இரண்டு இருமல் இருமிவிட்டு அடங்கியது. ஒரு குரல் முந்த, ஒரு குரல் தடுமாற, பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நின்றுவிட்டார்கள். பிஷப் நிமிர்ந்து பார்த்தார். மாஸ்டர் கீபோர்டு ஸ்விட்சைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

'ஆண்டவரே, மானத்தைக் காப்பாத்தும்!'

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஒரு குரல் மட்டும் நிற்கவே இல்லை.

பெட்டியிலிருந்து கையை எடுத்து, இரண்டு கைகளையும் உயர்த்தி, கண்ணை மூடி, மூன்றாம் சரணத்தைப் பாடிக்கொண்டிருந்தார் தையல்காரம்மா. அதே அரைக் கட்டை கீழே.

கடைசி பெஞ்சு ஆண்கள் முதலில் சேர்ந்தார்கள். கீபோர்டின் உச்சம் எட்டாமல் இத்தனை வருஷமாக வெறுமனே வாயசைத்தவர்கள்! இந்தச் சுருதி அவர்களுக்குக் கச்சிதமாக இருந்தது. பின்னாலேயே பெண்கள், கோரஸ் பிள்ளைகள், பிஷப். நாலாம் சரணத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கண்ணைத் திறந்து பார்த்த தையல்காரம்மாவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. சபை விடவில்லை. அந்தச் சரணத்தை மூன்று தடவை பாடியது.

நடுவில் கரண்ட் வந்தது. மாஸ்டர் கீபோர்டை அணைத்துவிட்டு, எழுந்து நின்று, தானும் அரைக் கட்டை இறங்கிப் பாடினார்.

ஆராதனை முடிந்ததும் நேராகப் போய் தையல்காரம்மாவின் எதிரில் நின்றார்.

"அம்மா, என்னை மன்னிச்சிடுங்க. கரண்ட் போனதும் நாங்க அத்தனை பேரும் நின்னுட்டோம். நீங்க மட்டும் எப்படிம்மா நிறுத்தாம பாடினீங்க?"

தையல்காரம்மா அவருடைய உதடுகளையே உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"பெட்டி அதிர்றது நின்னதும் கையில தெரிஞ்சுது மாஸ்டர். ஆனா எனக்கு அதுல புதுசா என்ன இருக்கு? காய்ச்சல்ல என் ரெண்டு காதும் போய் மூணு வருஷமாச்சு. அன்னையிலேருந்து என் ஆராதனை இப்படித்தான். இன்னைக்கு நீங்கல்லாம் வந்து கூடச் சேர்ந்துக்கிட்டீங்க, அவ்வளவுதான்!"